நண்டு வலைக்கு இறங்கலாமா? திருகோணமலை ஆட்கள் சொல்லுங்கள்

நிலாவெளியான்:
மாமாவின் பைபர் போட் ஒன்று 15 குதிரைவலு இஞ்சினோடு இறக்கக்கண்டியில் சும்மா கிடக்கிறது. மாரிக்கடல் அடங்கியதும் நீலக்கால் நண்டுக்கு இறங்குவோமா என்று நானும் மச்சானும் யோசிக்கிறோம். இதுவரை மீன் வலைதான் பழக்கம். போட் கையில் இருக்கிறபடியால் பெரிய செலவு வராதுதானே?

திருக்கடலூரான்:
தம்பி, செலவு போட்டில் இல்லை, வலையில். பின்னேரம் அடியில் படுக்க விட்டு விடியப்புறம் இழுப்போம், அதற்குள் ஒவ்வொரு நண்டும் நாலைந்து வலைக்கண்ணை அறுத்து, மிச்சத்தைத் தன்னைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். இழுப்பது ஒரு மணித்தியாலம் என்றால் வலையிலிருந்து நண்டைக் கழற்றுவது மூன்று. காலை முறித்து எடுத்தால் வேகம்தான், ஆனால் கால் போன நண்டுக்கு வாடியில், அதாவது கரையில் நண்டு வாங்கும் இடத்தில், விலை இறங்கும். பின்னால் இருக்கும் துடுப்புக்காலடியில் பிடித்து, கொடுக்கில் சுற்றிய நூலைக் கடைசியாக எடுங்கள். அப்புறம், மலிவு என்று தங்கூசி வலை (ஒற்றை நைலான் இழை வலை) வாங்கிவிடாதீர்கள், அது தடை. போட்டின் பதிவும் அனுமதியும் புதுப்பித்திருக்கிறதா என்றும் மாமாவிடம் கேளுங்கள்.

கிண்ணியா நானா:
நான் என்றால் சேற்று நண்டுக்குத்தான் போவேன். தம்பலகாமம் குடாவில் ஒரு தோணி, நண்டு பிடிக்கிற கூடு கொஞ்சம், இரைக்கு மீன்தலை, போதும். எண்ணெய்ச் செலவு இல்லை. கொடுக்கைக் கட்டி ஈரச் சாக்கில் வைத்தால் உயிரோடு கொண்டுபோகலாம். நீலக்கால் அப்படி இல்லை, தண்ணீரை விட்டு எடுத்தால் சீக்கிரம் செத்துவிடும், ஐஸ் வேண்டும். எந்த நண்டானாலும் அடிப்பக்கத்தை விரலால் அமுக்கிப் பாருங்கள். அமுங்கினால் அண்மையில் கோது கழற்றியது, உள்ளே தண்ணீர்தான், திரும்ப விடுங்கள். நிலவுக்கு நண்டு வற்றும் என்று வாப்பா சொல்வார். எனக்கு நல்ல நிலவிலும் சதை நண்டு விழுந்திருக்கிறது.

நிலாவெளியான்:
நன்றி நானா, ஆனால் எங்கள் பக்கம் கடல்தான். சினை நண்டு வந்தால் என்ன செய்வீர்கள்?

திருக்கடலூரான்:
சினை முதலில் மஞ்சளாக இருக்கும், பொரிக்க நெருங்க நெருங்கக் கறுக்கும். எந்த நிறமானாலும் நான் போட்டில் வைத்தே கழற்றிக் கடலில் விடுவேன். வாடிக்குக் கொண்டுபோனால் காசுதான், மறுக்கவில்லை. அது சரி, கரையில் கழற்ற உங்களுக்கு ஆள் இருக்கிறதா? கூலிக்கு வைத்தால் கட்டாது.

நிலாவெளியான்:
அதைத்தான் யோசிக்கவில்லை அண்ணை. அம்மாவிடமும் மாமியிடமும் கேட்டுவிட்டு வருகிறேன்.