சனி இரவு நாடகம், ஞாயிறு பத்துமலை: செந்தூல் பக்கம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்

சிப்புட் பெண்:
வணக்கம். நாங்கள் ஐந்து பேர், ஒரே தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். பால்மரத்தை (ரப்பர்) வெட்டிச் செம்பனை போட்டார்கள், அப்புறம் அதிலும் பாதி வீடமைப்பாகிவிட்டது. மூன்று பேர் இன்னும் சுங்கை சிப்புட் டவுனில்தான் இருக்கிறோம். ஒருத்தி ஜொகூரில், ஒருத்தி கிள்ளானில். எல்லோரும் ஐம்பதைத் தாண்டியாயிற்று.

அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை இரவு எட்டரைக்குக் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கிற கேஎல்பேக் கலை அரங்கில் தமிழ் நாடகம். ஐந்து டிக்கெட் எடுத்துவிட்டேன். நாங்கள் யாருமே அரங்கத்தில் உட்கார்ந்து நாடகம் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் தோட்டத்துக் கோயில் திருவிழாவில்தான். எண்ணெய்ப் பீப்பாய்களை நிறுத்தி, மேலே பலகை அடித்து மேடை போடுவார்கள். சாயங்காலமே லயத்து வீடுகளிலிருந்து பாயைக் கொண்டுபோய் விரித்து இடம் பிடித்துவிடுவோம். என் அப்பாவும் வேஷம் கட்டியவர். பகலெல்லாம் பால்வெட்டு, ராத்திரி ஒத்திகை. நாடகத்துக்கு மறுநாள் விடியற்காலை பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு) நிற்கும்போது காதோரம் அரிதாரம் ஒட்டியிருக்கும்.

சனிக்கிழமை காலை சிப்புட்டில் இடிஎஸ் ரயில் ஏறுகிறோம், சுமார் மூன்று மணி நேரம். மறுநாள் மாலை நாலு மணி ரயிலில் திரும்ப வேண்டும். இதற்குள் துன் எச்.எஸ். லீ சாலை மாரியம்மன் கோயில், பழைய ரயில் நிலையம், பிரிக்பீல்ட்ஸ், பத்துமலை, இரட்டைக் கோபுரம் என்று ஆளுக்கு ஒன்று கேட்கிறார்கள். ஒருத்திக்கு முட்டியில் அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, படி ஏற முடியாது. அவளைக் கீழே தனியாக விட்டுவிட்டு நாங்கள் மட்டும் மேலே போக எனக்கு மனசு வரவில்லை.

இன்னொரு பயமும் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்பு பினாங்குக்கு ஒரு நடன நிகழ்ச்சி பார்க்கப் போனோம். பகலெல்லாம் சுற்றிவிட்டு அரங்குக்கு வந்தபோது கதவைச் சாத்திவிட்டார்கள். இடைவேளை வரை வெளியில் நின்று சலங்கைச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். இந்தத் தடவை அப்படி ஆகக்கூடாது. எதை விடலாம், எதைச் சேர்க்கலாம்?

செந்தூல்காரன்:
அக்கா, நாடகத்தை நடுவில் வைத்து மற்றதைச் சுற்றி அடுக்குங்கள். சனிக்கிழமை கேஎல் சென்ட்ரலில் இறங்கியதும் பிரிக்பீல்ட்ஸ் பக்கத்திலேயே தங்குங்கள், வாழையிலைச் சாப்பாடு காலடியில். வெயில் தாழ்ந்ததும் மாரியம்மன் கோயிலுக்குப் போய்வாருங்கள். 1873-இல் தம்புசாமிப் பிள்ளை தொடங்கிய கோயில், தைப்பூச வெள்ளி ரதம் புறப்படுவது இங்கிருந்துதான். அவ்வளவு போதும். ஆறரைக்குள் பசியாறிவிட்டு ஏழு மணிக்கே அரங்கில் இருங்கள்.

சீக்கிரம் வரச் சொல்வது கதவுக்காக மட்டும் இல்லை. அந்தக் கட்டடத்தை வெளிச்சம் இருக்கும்போதே பார்க்க வேண்டும். அது பழைய ரயில்வே பட்டறை வளாகத்தைச் சேர்ந்தது. என் தாத்தா செந்தூல் பட்டறையில் கொல்லர் வேலை செய்தவர். கூரை போய்ச் செடி முளைத்துக் கிடந்த அந்தச் செங்கல் சுவர்களை அப்படியே வைத்துக்கொண்டு, 2005-இல் அரங்கமாகத் திறந்தார்கள். பரிடா மெரிக்கானும் ஜோ ஹாஷமும் நடத்திவந்த அரங்கு மெர்டேக்கா சதுக்கத்துக்கு அடியில் இருந்தது, 2003 வெள்ளத்தில் அது மூழ்கிப்போன பிறகுதான் இங்கே வந்தார்கள். உங்கள் டிக்கெட் பென்தாஸ் 1-க்கா, 2-க்கா என்று பாருங்கள். ஒன்று ஐந்நூறு பேர் உட்காரும் பெரிய அரங்கு. இரண்டு சிறியது, நடிகர் மூச்சு வாங்குவது கூடத் தெரியும்.

கொமுட்டர் ரயிலில் வந்து செந்தூல் நிலையத்தில் இறங்கினாலும் அரங்குக்குக் கொஞ்சம் தூரம் இருக்கிறது. முட்டி வலிக்காரரை நடக்க வைக்காதீர்கள், கிரேப் வாடகைக் கார் எடுங்கள்.

ஈப்போ அக்கா:
இரட்டைக் கோபுரத்தை விட்டுவிடுங்கள் தங்கச்சி. டாக்சியிலிருந்து அண்ணாந்து பார்த்தாலே தெரியும். பழைய ரயில் நிலையத்துக்கும் தனியாகப் போக வேண்டாம், பத்துமலைக்குப் போகும் கொமுட்டர் அந்த நிலையத்திலேயே நின்றுதான் போகும். அதைக் கட்டிய ஹப்பாக்தான் எங்கள் ஈப்போ நிலையத்தையும் வரைந்தவர். இடிஎஸ் இங்கே நிற்கும்போது ஜன்னல் வழியாக ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், சால்வை கட்டாயம் வேண்டும். அரங்கத்துக் குளிர் நம் திடல் பனி மாதிரி இல்லை, எலும்பு வரை போகும்.

பத்துமலைப் பேத்தி:
அந்த முட்டி வலி அம்மாவுக்காக எழுதுகிறேன். பத்துமலை என்றால் 272 படி மட்டும் இல்லை. ரயிலை விட்டு இறங்கியதுமே பெரிய அனுமார் சிலை நிற்கும், அதன் பக்கத்தில் இராமாயணக் குகை. நுழைவுக் கட்டணம் உண்டு. கீழ்த்தளத்திலேயே கதை முழுக்கச் சிலை சிலையாக வைத்திருக்கிறார்கள். கும்பகர்ணன் நீட்டிப் படுத்துத் தூங்குவான், சுற்றி நின்று எழுப்புவார்கள். உள்ளே மேலே ஏறும் படிகளும் இருக்கின்றன, அவற்றை விட்டுவிடலாம். 140 அடி முருகனையும் கீழே நின்றுதானே முழுசாகப் பார்க்க முடியும்.

ஞாயிறு காலை எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள். பத்துக்கு மேல் கூட்டமும் வெயிலும் சேர்ந்துவிடும். கொமுட்டர் அடிக்கடி வராது, வந்து இறங்கியதுமே திரும்பும் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிப்புட் பெண்:
எல்லோருக்கும் நன்றி. கோபுரத்தை எடுத்துவிட்டேன், ஜொகூர்க்காரி முதலில் முகத்தைத் தூக்கினாள், அப்புறம் சரி என்றுவிட்டாள்.

பத்துமலைப் பேத்தி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் அப்பா கட்டிய வேஷம் கும்பகர்ணன். மேடையில் இரண்டு பெஞ்சைச் சேர்த்துப் போட்டுப் படுத்திருப்பார். அவரை எழுப்பப் பிள்ளைகள் நாங்கள் மண்ணெண்ணெய்த் தகரத்தைத் தட்டிக்கொண்டு மேடையைச் சுற்றி ஓட வேண்டும். தகரம் தட்டிய ஐந்து பிள்ளைகள் நாங்கள்தான், இப்போது டிக்கெட் எடுத்திருக்கிற அதே ஐந்து பேர். அப்பா உடனே எழவே மாட்டார். தோட்டமே சிரித்து முடிக்கும் வரை குறட்டை விடுவார். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வேலைக்குப் போன மனுஷன், அந்த மேடையில் மட்டும்தான் அப்படித் தூங்கினார்.

ஞாயிறு காலை முதலில் இராமாயணக் குகை. அதற்கப்புறம் படி ஏறுகிறவர்கள் ஏறட்டும், நான் முட்டி வலிக்காரியோடு கீழே இருக்கிறேன். குகைக்குள் படம் எடுக்க விடுவார்களா? தெரிந்தால் சொல்லுங்கள், அம்மாவிடம் காட்ட வேண்டும்.

பத்துமலைப் பேத்தி:
எடுக்கலாம் அக்கா. நான் போனபோதெல்லாம் எடுத்திருக்கிறேன். கும்பகர்ணன் ரொம்ப நீளம், தலையிலிருந்து கால் வரை ஒரே படத்தில் வர வேண்டுமென்றால் எதிர்ச்சுவர் வரை பின்னால் போய் நின்று எடுங்கள்.