வாட்டர்சென்ஸ் ஷவர் ஹெட், பிராண்ட் மாத்தினதும் லிஸ்ட்ல காணோம். உதவி பண்ணுங்க

புதுவியாபாரி:
வணக்கம் மக்களே. ஒரு கம்பெனிகிட்ட ஷவர் ஹெட் வாங்கி நம்ம பிராண்ட் போட்டு அமெரிக்கால விக்கிறோம், அவங்க மாடலுக்கு வாட்டர்சென்ஸ் (தண்ணி மிச்சம் பண்ற பொருளுக்குன்னு இபிஏ, அதாவது அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு, நடத்தற லேபிள் திட்டம்) சர்டிஃபிகேட் இருக்கு, அதே பீஸ் தானேன்னு நம்ம பெட்டிலயும் அந்த லேபிளை அடிச்சுட்டோம். இப்ப பையர் இபிஏ லிஸ்ட்ல நம்ம பேரையும் மாடல் நம்பரையும் போட்டு தேடிட்டு "வரலையே"ன்னு மொத்த ஆர்டரையும் நிறுத்தி வச்சிருக்கார். இபிஏவுக்கு மெயில் போட்டா சேத்துடுவாங்களா?

குழாய்மாமா:
தம்பி, இபிஏ நேரடியா எந்தப் பொருளுக்கும் சர்டிஃபிகேட் குடுக்கறதில்ல. விதி போடுறது அவங்க, டெஸ்ட் ரிப்போர்ட் பாத்து சர்டிஃபை பண்றது அவங்ககிட்ட லைசன்ஸ் வாங்கின ஐஏபிஎம்ஓ மாதிரி தனி அமைப்புங்க. உன்கிட்ட இருக்கற சர்டிஃபிகேட்ட உத்துப் பாரு, பிராண்டும் மாடல் நம்பரும் எழுதியிருக்கும், அதுல இல்லாத பேருக்கு அது வெறும் காகிதம். உன்னோட பேர் ஏறணும்னா தயாரிப்பாளரை விட்டு அதே அமைப்புகிட்ட பிரைவேட் லேபிள் லிஸ்டிங் கேளு. அவன் மாடல் இது, உன் மாடல் இது, உள்ள ஒண்ணுதான்னு காட்டிட்டா பெரும்பாலும் பேப்பர் வேலைதான். அதுவரைக்கும் பெட்டில லேபிள் மேல ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சிடு.

சொட்டுநீர்:
எந்த லோகோ அடிச்சீங்க? பார்ட்னர் லோகோன்னு ஒண்ணு தனியா இருக்கு, அது கம்பெனி திட்டத்துல சேந்திருக்குன்னு சொல்றது, பொருளுக்கான லேபிள் வேற. அப்புறம் ஷவர் மேல என்ன ஃப்ளோ பொறிச்சிருக்குன்னு சொல்லுங்க.

புதுவியாபாரி:
பொருளுக்கான லேபிள்தான் அண்ணே. மேல 2.0 ஜிபிஎம்னு (நிமிஷத்துக்கு இத்தனை கேலன்) இருக்கு. ஆனா… கஸ்டமருக்கு ஃபோர்ஸ் பத்தலன்னு உள்ள தண்ணி அளவ கட்டுப்படுத்தற பட்டன் சைஸ் டிஸ்க்கை மட்டும் 2.5க்கு மாத்தச் சொன்னோம்.

குழாய்மாமா:
அட போப்பா, இத முதல்லயே சொல்லக் கூடாதா! பொருள் மாறலன்னு இவ்ளோ நேரம் நம்பிட்டு பதில் அடிச்சிட்டு இருந்தேன். அந்த டிஸ்க்ல இருக்கற ஓ-ரிங் பிரஷர் ஏற ஏற அமுங்கி வழிய குறுக்கும், தண்ணிய மிச்சம் பண்றதே அதுதான். வாட்டர்சென்ஸ் ஷவருக்கு உச்சமே 2.0 ஜிபிஎம், நிமிஷத்துக்கு 7.6 லிட்டர். 2.5ங்கறது 1994லேர்ந்து அங்க இருக்கற சாதாரண ஃபெடரல் வரம்பு. மேல 2.0, உள்ள 2.5, இத வச்சு லிஸ்டிங் கேட்டா தயாரிப்பாளரே கையெழுத்து போட மாட்டான்.

சொட்டுநீர்:
பழைய டிஸ்க்கையே திரும்பப் போட்டு ஒவ்வொரு லாட்டுலயும் நாலு பீஸ் ஃப்ளோ பாத்துட்டு அப்ளை பண்ணுங்க. கலிஃபோர்னியாவுக்குப் போற சரக்குன்னா அதுவும் பத்தாது, 2018 ஜூலைலேர்ந்து அங்க 1.8 தாண்டக் கூடாது.

புதுவியாபாரி:
பாதி சரக்கு கலிஃபோர்னியா தான் அண்ணே 😭 1.8 மாடல் அவங்ககிட்ட தனியா இருக்கான்னு இப்பவே கேக்கறேன், அதுக்கும் சேத்தே லிஸ்டிங் போட்டுடுறோம்.