கார் இடிச்ச சினைப்பூனை: டாக்டர்கிட்ட போறவரைக்கும் என்ன செய்யலாம்?

அல்சூர்வாசி:
பெங்களூரு அல்சூர்ல எங்க தெருப்பூனையை கார் இடிச்சிருச்சு. நிறைமாச வயிறு. பின்னங்காலை இழுக்குது, தொடையில ரத்தம் நிக்கல. பால் ஊத்தலாமா? வலிக்கு குரோசின் கால் மாத்திரை கொடுக்கலாமா?

பூனைக்காரன்:
குரோசின் வேண்டவே வேண்டாம், தம்பி. அதுல இருக்கிற பாராசிட்டமாலைச் செரிச்சு வெளியேத்துற சக்தி பூனை ஈரலுக்குக் கிடையாது. கால் மாத்திரையே ரத்தம் ஆக்ஸிஜன் சுமக்கிறதைக் கெடுத்துரும், உயிரே போகலாம். டெட்டாலும் விஷம்தான். மயக்கமருந்து கொடுக்க வேண்டிவரும், அதனால பாலும் சோறும் கூடாது.

சுத்தமான பருத்தித் துணியை வெச்சு 5 நிமிஷம் அழுத்துங்க. நின்னுச்சான்னு நடுவுல எடுத்துப் பாக்காதீங்க, உறைஞ்ச ரத்தம் பிச்சுக்கும். நனைஞ்சா அதுமேலயே இன்னொரு துணி. பிடரியைப் பிடிச்சோ வயித்துல கை கொடுத்தோ தூக்கக் கூடாது. கெட்டி அட்டையை அடியில நகர்த்தி, அப்படியே அட்டைப்பெட்டிக்குள்ள இறக்குங்க. மல்லாத்தாதீங்க, கர்ப்பப்பை பெரிய ரத்தக்குழாயை அமுக்கும். வயித்தைச் சுத்தி இறுக்கிக் கட்டுறதும் தப்பு.

எவ்வளவு சாதுவான பூனையும் வலியில கடிக்கும், தலைமேல துண்டைப் போட்டுக்கோங்க. கடிச்சா சோப்பு போட்டு ஓடுற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு, அன்னிக்கே ரேபிஸ் ஊசி.

ஹெப்பாள்வாசி:
ஈறை விரலால அழுத்தி விடுங்க. 2 செகண்டுக்குள்ள நிறம் திரும்பணும். வெளுத்துக் கிடந்தா ஷாக், அதாவது உடம்புக்கு ரத்த ஓட்டம் போதாத ஆபத்தான நிலை, உடனே கிளம்புங்க. வாயைத் திறந்து மூச்சு வாங்கினா நெஞ்சையும் வயித்தையும் பிரிக்கிற தசை (உதரவிதானம்) கிழிஞ்சிருக்கலாம், இல்ல நுரையீரலைச் சுத்திக் காத்து சேர்ந்திருக்கலாம். அப்போ ஆக்ஸிஜன் முதல்ல, எக்ஸ்ரே அப்புறம்.

எக்ஸ்ரே எடுத்தா குட்டிக்கு ஆகாதுன்னு பலபேர் தடுப்பாங்க. கேக்காதீங்க. இடுப்பெலும்பு உடைஞ்சிருக்கான்னு தெரியணும். அங்க கோணலாச் சேர்ந்தா குட்டி வர்ற வழி அடைஞ்சு சிசேரியன்தான் கதி. 45 நாளுக்கு மேல ஆன சினைன்னா குட்டிகளையும் எண்ணிடலாம். குட்டிக்கு இதயத்துடிப்பு இருக்கான்னு ஸ்கேன்தான் சொல்லும். மூத்திரம் போச்சான்னு மறக்காம பாருங்க. அடிபட்டதுல மூத்திரப்பை கிழியுறது சகஜம்.

ஹெப்பாள் வெட்னரி காலேஜ் ஆஸ்பத்திரி இருக்கு. ராத்திரின்னா எங்க போனாலும் முதல்ல போன் பண்ணி, "சினைப்பூனை, ஆக்சிடென்ட், ஆக்ஸிஜன் இருக்கா?"ன்னு கேளுங்க.

அல்சூர்வாசி:
ஈறு வெளுப்பு. வாய் மூடித்தான் இருக்கு. பெட்டியில வெச்சாச்சு, ஆட்டோ வந்துருச்சு அண்ணா.

பூனைக்காரன்:
வெந்நீர் பாட்டிலைத் துணியில சுத்திப் பக்கத்துல வைங்க, உடம்புல நேரா படக் கூடாது. வழியில 20 நிமிஷம் விடாம முக்கியும் குட்டி வரலேன்னாலோ, குட்டிக்கு முன்னாடி பச்சையா நீர் போனாலோ, இறங்கினதும் டாக்டர்கிட்ட அதை முதல்ல சொல்லுங்க.