கருவின் இதயத் துடிப்பு தெரியவில்லை, அடுத்த ஸ்கேன் வரை எப்படி இருந்தீர்கள்?

தோழிகளே, கர்ப்பமாக இருக்கிறேன், கணக்குப்படி எனக்கு 7 வாரம். ஸ்கேனில் 18 மி.மீ. சாக் (கரு வளரும் பை), உள்ளே யோக் சாக் (ஆரம்பத்தில் கருவுக்கு ஊட்டம் தரும் சிறு பை) மட்டும் தெரிகிறது. கருவும் துடிப்பும் இல்லை. சாக் 25 மி.மீ. ஆகியும் கரு தெரியாவிட்டால்தான் கர்ப்பம் நிலைக்கவில்லை என்று உறுதியாகச் சொல்ல முடியும், பீரியட்ஸ் தள்ளி வருவதால் நாள் கணக்கும் மாறியிருக்கலாம், 2 வாரம் கழித்து வாருங்கள் என்றார் டாக்டர். சரியான பேச்சுதான். ஆனால் ரிப்போர்ட்டின் கடைசி வரியை ராத்திரியெல்லாம் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

மாமியார் வீட்டில் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, தினமும் போன். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்? வேலைக்குப் போனீர்களா? துடிப்பு பிறகு வந்தவர்கள் மட்டுமல்ல, வராமல் போனவர்களும் தயவுசெய்து எழுதுங்கள், இரண்டையும் கேட்க வேண்டும். கைவைத்தியம் மட்டும் வேண்டாம் அக்கா.