குடிநீர்க் குழாய் வேலைக்கான விலைமனு ஆவணங்கள்: விளக்கம் தேவை

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு படுவான்கரையில் அரச நிதியில் நடைபெறவுள்ள சிறியதொரு குடிநீர்க் குழாய் நீட்டிப்பு வேலைக்கான விலைமனு ஆவணங்களைத் தயாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்துள்ளது. 2006ஆம் ஆண்டின் அரச பெறுகை (கொள்வனவு) வழிகாட்டல்களுக்குப் பதிலாகப் புதியவை 2025 ஜனவரி முதலாந் திகதி நடைமுறைக்கு வந்துவிட்டபோதிலும், கையிலுள்ள மாதிரிப் படிவங்கள் யாவும் பழையவையே.

விவரக்குறிப்பில் குழாயின் வர்த்தகப் பெயரையே எழுதுமாறு சிலர் வற்புறுத்துகின்றனர். அது போட்டியைக் குறுக்கிவிடும் என்பதால், விட்டம், அழுத்தத் தரம், இலங்கைத் தர நியமம் ஆகியவற்றை மட்டும் குறிப்பிட்டு, பெயர் தவிர்க்கவே முடியாதவிடத்து ‘அல்லது அதற்குச் சமமானது’ எனச் சேர்ப்பதே முறை என்று கருதுகிறேன். (அந்தப் பெயருடைய குழாய் கடையில் இருப்பு உள்ளது என்பது அதைக் குறிப்பிடுவதற்கான பொறியியற் காரணமாகாது.)

குழாய் பதிப்பதற்கான கான் வெட்டும் வேலையை மட்டும் பிரித்துக் கிராமச் சங்கத்திடம் நேரடியாக ஒப்படைக்கப் புதிய விதிகள் இடமளிக்கின்றனவா? அண்மையில் இத்தகைய வேலை செய்தவர்கள், தமிழ்ப் படிவங்கள் இருப்பின், தயவுசெய்து பகிர்ந்துதவவும்.