காம்பவுண்ட் வில்: மெழுகு போட்டால் போதுமா, நாணையே மாற்றணுமா?

தென்கரை:
ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் கடமான் வேட்டைக்கு வைத்திருக்கும் வில். மேலும் கீழும் இரண்டு கேம் (நாணும் கேபிளும் சுற்றும் சக்கரம்), ஒரு நாண், இரண்டு கேபிள். கேபிள் இரண்டும் ஒரு முனையில் கவை பிரிந்து எதிர்ப்பக்க அச்சில் மாட்டும் வகை. நாணும் கேபிளும் போட்டு மூன்று வருடம் ஆகிறது. 60 பவுண்டில் வைத்த இழுவை இப்போது தராசில் 57 காட்டுகிறது. முழுசாக இழுத்தால் பீப் சைட் (நாணில் செருகிய, குறிபார்க்கும் துளை வளையம்) கண்ணுக்கு நேராக நிற்காமல் சற்றுத் திரும்பிவிடுகிறது. மேல் கேமுக்குப் பக்கத்தில் நாணின் மேல் காப்பாகச் சுற்றிய சர்விங் நூல் விலகி உள்ளே இழை தெரிகிறது. மெழுகு போட்டு ஓட்டலாமா? மாற்றுவதென்றால் வீட்டிலேயே செய்யலாமா?

நாணேற்றி:
மாற்றிவிடுங்கள், மூன்றையும் சேர்த்தே. நாணை மட்டும் புதிதாக்கினால் பழைய கேபிள் தொடர்ந்து நீளும், சரிசெய்த டைமிங் (இரண்டு கேமும் ஒன்றாகச் சுழல்வது) மறுபடி கலையும்.

இழுவை குறைந்ததற்கு லிம்பை (வில்லின் வளையும் கை) சந்தேகிக்கும் முன் கேபிளைப் பாருங்கள். லிம்பை வளைத்துப் பிடித்திருப்பது கேபிள்தான். அது நீண்டால் லிம்ப் கொஞ்சம் நிமிரும், இரண்டு கேமின் அச்சுக்கு அச்சு தூரம் கூடும், பவுண்டு இறங்கும். தயாரிப்பாளர் சொன்ன தூரத்தைவிட கால் அங்குலம் கூடியிருந்தால் காரணம் அதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். கடமானுக்கு அங்கே சட்டப்படி குறைந்தது 50 பவுண்டு வேண்டும் என்பதால் 52, 53-இல் வைத்திருப்பவர்கள் இதை அடிக்கடி அளந்து பார்ப்பது நல்லது.

மெழுகு இழைகளுக்கு மட்டும். நாண் பஞ்சு போலச் சிலிர்த்திருந்தால் தடவி, விரலால் சூடு வரும்வரை தேய்த்து, ஒரு நூலைச் சுற்றி இழுத்து மிச்சத்தை வழித்துவிடுங்கள். சர்விங் மேல் போட வேண்டாம். விலகிய சர்விங்கை எந்த மெழுகும் சேர்க்காது. நீங்கள் சொல்லும் இடத்தில் ஒவ்வோர் அம்புக்கும் நாண் கேமில் வளைந்து நிமிர்கிறது. அங்கே இழை வெறுமையாக இருந்தால் உலோகத்தில் உரசி அறும். ஒரே ஓர் இழை அறுந்திருந்தாலும் அந்த வில்லை இழுக்கக் கூடாது.

பழசைக் கழற்றியதும் ஒரு பஞ்சுத் துண்டைக் கேம் பள்ளம் முழுக்க ஓட்டுங்கள். பஞ்சு எங்கே சிக்குகிறதோ அங்கே பிசிறு இருக்கிறது. லேசான பிசிறை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். ஆழமான வெட்டு என்றால் கேமையே மாற்றணும், இல்லாவிட்டால் புது நாணும் அதே இடத்தில் அறும்.

கடமான்தடம்:
வீட்டில் செய்யலாம், சரியான பிரஸ் (லிம்பை அழுத்தி நாணைத் தளர்த்தும் கருவி) இருந்தால். லிம்ப் கிட்டத்தட்ட இணையாகப் படுத்திருக்கும் இக்கால வில்களை லிம்ப் நுனியில் பிடித்து அழுத்தும் பிரஸ்ஸில்தான் வைக்கணும். நடு லிம்பை அழுத்தும் பழைய வகையில் வைத்தால் லிம்ப் பிளக்கலாம். அந்த பிரஸ் இல்லையென்றால் கடைக்குக் கொண்டுபோங்கள், இதில் சமாளிக்கப் பார்க்க வேண்டாம்.

பிரஸ்ஸில் ஏற்றும் முன் அச்சுக்கு அச்சு தூரம், பிரேஸ் உயரம் (பிடியிலிருந்து நாண் வரை), நாக் இடத்திலிருந்து (அம்பின் பின்முனை நாணில் மாட்டும் இடம்) பீப் வரை உள்ள தூரம் மூன்றையும் எழுதி வையுங்கள். கேபிள்கள் எது எதன் மேல் போகிறது, எந்த முனை எந்த முளையில் மாட்டியிருக்கிறது என்று இரண்டு பக்கமும் படம் எடுங்கள். லிம்ப் போல்ட்டைத் தளர்த்தினால் மேலும் கீழும் ஒரே எண்ணிக்கைச் சுற்று, கையேடு சொல்லும் எல்லைக்குள். பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றி ஒவ்வொன்றாக மாட்டுங்கள். மூன்றையும் ஒரேயடியாகக் கழற்றினால் கேம்கள் சுழன்று, எது எங்கே என்பதே குழம்பிவிடும்.

நாண், கேபிளின் நீளத்தைச் சரிசெய்ய முறுக்கு ஏற்றும்போது சர்விங் இறுகும் திசையில் ஏற்றுங்கள். எதிர்த்திசையில் போனால் சர்விங் தளரும். பிரஸ்ஸை மெதுவாக விடுங்கள். பாரம் ஏற ஏற ஒவ்வொரு வளையமும் முளையில் உட்கார்ந்ததா, நாண் பள்ளத்தில் இருக்கிறதா என்று நின்று பார்த்து விடுங்கள். பள்ளத்தை விட்டு விலகிய நாணோடு இழுத்தால் விளைவு அம்பில்லாமல் விட்டதற்குச் சமம். லிம்ப், கேம் இரண்டும் போகும்.

தென்கரை:
நன்றி. பழைய நாணை அளந்து அதே நீளத்துக்கு ஆர்டர் போடலாமா?

நாணேற்றி:
கூடாது, அது நீண்டுபோன நாண். லிம்பில் ஒட்டியிருக்கும் சீட்டில் நாண் நீளம், கேபிள் நீளம் தனித்தனியே இருக்கும், அதைக் கொடுங்கள். அந்த அளவே கால் அங்குல முளைகளில் மாட்டி 100 பவுண்டு இழுவிசையில் எடுப்பது. மேசையில் போட்டு டேப்பால் அளந்தால் ஒத்து வராது.

வேட்டை வில்லுக்கு டைனீமா, வெக்ட்ரான் என்ற இரண்டு செயற்கை இழைகள் கலந்த 452எக்ஸ் அல்லது பிசிஒய்-எக்ஸ் இழை கேளுங்கள். வெக்ட்ரான் இருப்பதால் நீட்சி மிகக் குறைவு. இரண்டு நிறத்தில் வாங்கினால் பீப் வைக்கும்போது இழைகளைச் சரிபாதியாகப் பிரிப்பது சுலபம். 24 இழை என்றால் பக்கத்துக்கு 12. கூடக் குறையப் பிரித்தால் பீப் திரும்பிக்கொண்டே இருக்கும்.

கடமான்தடம்:
மாட்டிய பின் ட்ரா போர்டில் (வில்லை மெல்ல இழுத்து நிறுத்திப் பார்க்கும் பலகை) வைத்து மெல்ல இழுத்து, இரண்டு கேமின் நிறுத்திகளும் ஒரே நேரத்தில் கேபிளைத் தொடுகிறதா பாருங்கள். மேல் கேம் முந்தினால், இழுக்கும்போது மேல் கேம் சுற்றி இழுத்துக்கொள்ளும் கேபிளுக்கு அரை முறுக்கு ஏற்றுங்கள். ஒரே மூச்சில் இரண்டு மூன்று என்று ஏற்ற வேண்டாம், அரை அரையாகப் போய் ஒவ்வொரு தடவையும் அளக்கணும்.

டி-லூப்புக்கு (நாணைப் பிடித்து இழுக்க அதில் கட்டும் கயிற்று வளையம்) 2 மி.மீ. கயிறு 11 முதல் 12 செ.மீ. போதும். முனைகளை உருக்கிக் காளான் தலை போல ஆக்கி, முடிச்சு இரண்டும் எதிரெதிர்ப் பக்கம் வரக் கட்டி, பிளையரால் விரித்து இறுக்குங்கள். முழு இழுவையில் அது நழுவினால் இழுத்த கை முகத்தில் வந்து அடிக்கும்.

பீப்பை நூலால் நிரந்தரமாகக் கட்ட அவசரப்படாதீர்கள். முதல் 100, 150 அம்புகளில் நாண் படியும், பீப் கொஞ்சம் திரும்பும். அதன்பின் ஒருமுறை எல்லாவற்றையும் அளந்து, முறுக்கைச் சரிசெய்து, அப்புறம் கட்டுங்கள். வில்லில் பொருத்திய குறிபார்க்கும் சைட்டையும் அதன்பிறகே புதிதாகச் சரிபாருங்கள். கோடையில் வில்லைக் காருக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போக வேண்டாம். சூட்டில் டைனீமா நீளும்.