அம்பாசிடர் இன்ஜினை இறக்க யோசனை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. அப்பாவின் 1986 அம்பாசிடர், 1489 சிசி டீசல். கிளட்ச் போய்விட்டது, ஆயில் சீலும் கசிகிறது. இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே இறக்கப் போகிறேன். பானெட், ரேடியேட்டர், கியர்பாக்ஸிலிருந்து பின்சக்கரப் பக்கம் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் எல்லாம் கழற்றியாகிவிட்டது. (ஷாஃப்டை உருவியதும் கியர் ஆயில் கொட்டித் தரையெல்லாம் வழுக்கல். முதலிலேயே வடித்திருக்க வேண்டும்.)

சிக்கல் தூக்குவதில்தான். ஒரு டன் வரை தூக்கும் செயின் பிளாக் (சங்கிலிக் கப்பி) வாடகைக்குக் கிடைக்கிறது, மாட்டத்தான் இடமில்லை. ஷெட் உத்திரத்தின் ஒரு முனையைக் கறையான் அரித்திருக்கிறது. பக்கத்து வீட்டு மாமா வேப்பங்கிளையைக் காட்டுகிறார், எனக்குத் துணிவில்லை. இரும்புப் பைப் முக்காலி தாங்குமா? கால்கள் விரியாமல் எப்படிக் கட்டுவது? கியர்பாக்ஸ் பக்கம் தாழ்ந்து சாய்வாக வர வேண்டுமே, சங்கிலியை எங்கே மாட்டினீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். திருமங்கலம் பக்கம் யாரிடமாவது இன்ஜின் கிரேன் இருந்தாலும் சரி, வாடகை தருகிறேன்.